பரவால்லங்க மேடம்

உங்கள் கழுத்தில், காலர் உரசுகிற இடத்தில் இருக்கும் மருவை இனிமேல் நூல் கட்டி அறுக்கப் பார்க்காதீர்கள், இன்ஸ்பெக்டர். யார் பேச்சையோ கேட்டு ஏற்கெனவே ஒரு தரம் கட்டியிருக்கிறீர்கள், சுற்றிலும் கறுத்துப்போயிருக்கிறது. மரத்துப்போக வைத்து எடுத்தால் சின்ன வேலை. வீட்டு வைத்தியம் செய்து சீழ் வைத்த பிறகு ஓடி வருகிறவர்களைத்தான் இருபது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும்.

முதலிலிருந்து ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள். கம்ப்யூட்டரில் அடிக்கிற அந்த அம்மாவுக்குச் சிரமம் இல்லாமல் நிதானமாகவே சொல்கிறேன். வகுப்பெடுத்துப் பழகிய வாய் இது, வார்த்தை ஒழுங்காகத்தான் வரும். நீங்கள் டாக்டர் முருகவேலைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அவரிடமிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு எதுவும் புரியாது. வகுப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

டாக்டர்களும் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று விதி இருப்பது வெளியே பலருக்குத் தெரியாது. பதிவைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் தொடர் கல்வி வகுப்பில் உட்கார்ந்ததாகக் காட்ட வேண்டும். அதற்கு எங்கள் பேச்சில் பாயின்ட் என்று பெயர். பாயின்ட் கொடுக்கிற வகுப்பு எப்படி நடக்கும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஓட்டல் ஹால், ஏசி, மருந்துக் கம்பெனி கொடுத்த பை, இருட்டில் திரையில் ஓடும் படங்கள். பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பிரியாணி வாசனை வந்ததும் எல்லோருக்கும் உயிர் வந்துவிடும். சாப்பிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் காலையில் ஒரு புது ஊசியை யாரோ ஒரு பெண்ணின் முகத்தில் குத்திப் பார்ப்பார்கள். அந்த முகத்தைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. எனக்கு இருந்தது. அதனால்தான் சொந்தமாக வகுப்பு ஆரம்பித்தேன்.

வேங்கிக்காலில் புது வீடு கட்டியபோது கீழே ஒரு ஹாலும் மாடியில் ஒரு சிகிச்சை அறையும் எடுத்தேன். மாடியில் நான் ஊசி போடுவேன். நாற்காலிக்கு மேலே கேமரா. அது காட்டுவது கீழே ஹாலில் பெரிய திரையில் தெரியும், கூடவே பதிவும் ஆகும். கேமராவை இயக்க என் காலடியில் ஒரு பெடல் வைத்திருந்தேன், கையில் உறை போட்டுக்கொண்டு பொத்தானைத் தொட முடியாது என்பதற்காக. நாளடைவில் யாராவது அந்த நாற்காலியில் சாய்ந்தாலே என் கால் தானாகப் பெடலை மிதிக்கப் பழகிவிட்டது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலூர், விழுப்புரம், செங்கல்பட்டு என்று பல ஊர்களிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள். தோல் டாக்டர்கள், புதிதாக அழகு சிகிச்சை பழகுகிறவர்கள். அண்ணாமலையாரைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, பாயின்ட் வாங்கின மாதிரியும் ஆச்சு என்று கணக்குப் போட்டு வந்தவர்களும் உண்டு, அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஒன்று புரிய வேண்டும். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கட்டியவர் வெளிநாட்டில் இருக்கிறார், அங்கேயே இருக்கட்டும். எனக்கென்று இருந்தது அந்த வகுப்பு ஒன்றுதான்.

ஊசி போட்டுக் காட்ட ஆள் வேண்டும். அவர்களை மாடல் என்போம். நான் பிறந்தது கீழ்பென்னாத்தூரில். அந்தப் பக்கத்துப் பெண்களைத்தான் வரவழைப்பேன். வேர்க்கடலை பறிக்கிற வெயிலில் கன்னத்தில் மங்கு விழுந்தவர்கள், அம்மைத் தழும்பு உள்ளவர்கள். சிகிச்சை இலவசம், போக வர வேன், மதியம் சாப்பாடு. வெள்ளையம்மாள் என்று ஒரு பெண் வந்தாள். மாடல் என்றால் சினிமாக்காரி என்று நினைத்திருந்தவள், தன்னை அப்படிக் கூப்பிட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நல்ல பெண்.

அவளுக்கு ஊசி போடும்போதுதான் என் கை முதல் தடவை தவறியது.

ஒட்டிய கன்னத்தையும் பள்ளமான தழும்பையும் நிரப்ப ஒரு ஜெல் இருக்கிறது. அது தவறிப்போய் ரத்தக் குழாயில் இறங்கிவிட்டால் அதற்கு அப்பால் ரத்தம் போகாது. தோல் முதலில் வெளுக்கும். அப்புறம் வலை விரித்த மாதிரி ஊதாக் கோடுகள் ஓடும். விட்டுவிட்டால் அந்த இடம் கறுத்துச் செத்து உதிரும். ஜெல்லைக் கரைக்க மருந்து இருக்கிறது, உடனே கொடுத்தால் பெரும்பாலும் முகம் தப்பும். தமிழ்நாட்டில் இந்த ஊசி போடுகிற டாக்டர்கள் எத்தனையோ பேர். அந்த வெளுப்பை நேரில் பார்த்தவர்கள் கம்மி. பார்க்காதவனுக்கு அது வரும்போது தெரியாது, தெரிவதற்குள் முகம் போய்விடும்.

வெள்ளையம்மாளின் மேலுதடு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்ததும் கீழே ஹாலில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரும் சொல்லாமலே எல்லோரும் மாடிக்கு ஏறி வந்து சுற்றி நின்றார்கள். யாரும் தூங்கவில்லை, யாரும் போனைத் தொடவில்லை. நான் மருந்து போட்டு, ஒத்தடம் கொடுத்து, உதடு மறுபடி சிவக்கிறவரை பேசிக்கொண்டே இருந்தேன். என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் முகம் தப்பியது. பிறகு நான் கீழே ஹாலுக்குப் போனதும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதுவரை யாரும் எனக்காக எழுந்து நின்றதில்லை, இன்ஸ்பெக்டர். நன்றாக இருந்தது. அதை மறைப்பானேன்.

அடுத்த வகுப்புக்கு இடமில்லாமல் பந்தல் போட வேண்டியிருந்தது. விழுப்புரத்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார், "இந்த வாட்டியும் போன தடவ மாதிரி எதனா காட்டுவீங்களா மேடம்?" வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் சுற்றி இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தார்கள். அன்றைக்கு என் கை தவறவில்லை. நானே தவறவிட்டேன்.

அந்த அம்மா ஏன் அடிப்பதை நிறுத்திவிட்டார்? அவர் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. வேண்டுமென்றே செய்தேன். அதற்குப் பிறகு பெரும்பாலான வகுப்புகளில் செய்தேன். தீயணைப்புத் துறையில் பயிற்சிக்காக ஒரு கொட்டகையைத் தாங்களே கொளுத்தி, தாங்களே அணைப்பார்களே, அந்த மாதிரி. ஒரு முகம் கொஞ்ச நேரம் வெளுத்தால் அதைப் பார்த்த டாக்டர்கள் ஊருக்குப் போய் எத்தனையோ முகங்களைக் காப்பாற்றுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. கொட்டகைக்கு வலிக்காதே என்று முருகவேல் பின்னால் ஒரு நாள் சொன்னார். அவர் எப்போதும் எதையாவது சொல்வார்.

அதோடு நான் யாரையும் கேட்காமல் செய்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெண்ணிடமும் கேட்பேன், இன்னொரு ஊசி போடட்டுமா என்று. கேட்ட இடத்திலெல்லாம் வந்த பதில் ஒன்றுதான். "பரவால்லங்க மேடம்." அந்தப் பக்கத்துப் பெண்கள் வலியைப் பெரிதாக்க மாட்டார்கள். நானும் அந்த மண்தானே, எனக்குத் தெரியாதா.

இப்போது முருகவேலைச் சொல்கிறேன். போளூர்க்காரர், மயக்க மருந்து டாக்டர். நாங்கள் ஒரே வகுப்பு. ஒரே பிணத்துக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று அறுத்துப் படித்தவர்கள். அவர் என்னை மணி என்பார், நான் முருகா என்பேன். வகுப்புக்கு அவர்தான் செயலாளர், சான்றிதழில் அவர் கையெழுத்து இல்லாமல் பாயின்ட் கிடையாது. ஊசி போடும்போது மாடலின் தலைமாட்டில் உட்கார்ந்து நாடி பார்ப்பார், பயந்தவர்களிடம் கிச்சுகிச்சு மூட்டுகிற மாதிரி ஏதாவது பேசுவார். சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு வருவார், ஏதாவது ஆனால் மாடலுக்கு மூச்சு கொடுக்க. என் கை தவறுகிறது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார். வயசாகுதுடி மணி, கண்ணாடிய மாத்து என்று கேலிகூட செய்தார்.

ஆர்த்தி வரும்வரை எல்லா முகமும் தப்பிவிட்டது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்த்தி துணிக்கடையில் பில் போடுகிற பெண். மூக்கோரத்தில் அம்மைத் தழும்பு, ஒரு உளுந்து அளவு. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. போட்டோவில் அந்தத் தழும்பு விழக்கூடாது என்பது அவள் ஆசை. முதல் ஊசியிலேயே தழும்பு நிரம்பிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் அத்தோடு அனுப்பியிருக்கலாம். ஆனால் கீழே ஹால் நிறைந்திருந்தது.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் விண்ணு விண்ணுனு இருக்குதுங்க மேடம்."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"பரவால்லங்க மேடம்."

"இந்தப் பக்கமும் போட்டுரலாமா?"

"பரவால்லங்க மேடம். பரவால்லங்க."

சொல்லும்போது முருகவேலின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் போட்டேன். மூக்கோரம் வெளுத்தது. கீழே இருந்தவர்கள் ஏறி வர ஆரம்பித்தார்கள். கடைசி வரிசையில் வயதான டாக்டர் ஒருவர், முட்டிவலிக்காரர், மாடிப்படியில் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருந்தார். அவர் வந்து பார்க்கட்டும் என்று காத்திருந்தேன். வகுப்பெடுக்கிறவள் முதல் வரிசைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக முடியாது. ஊதாக் கோடுகள் நெற்றிவரை ஓடின. போதும் மணி, மருந்தப் போடு என்று முருகவேல் சொன்னார். இரண்டாவது தரம் கத்தினார். அப்போதுதான் ஆர்த்தி, யாரையோ தொந்தரவு செய்கிறவள் மாதிரி மெதுவாக, "மேடம், ஒரு கண்ணு இருட்டா இருக்குதுங்க" என்றாள்.

மருந்து போட்டேன். இந்தத் தடவை கரைந்தும் பயனில்லை. மூக்கின் ஒரு பக்கம் கருகின காகிதம் மாதிரி ஆகி உதிர்ந்தது. கண்ணுக்குப் போகிற குழாயிலும் ஜெல் ஏறியிருந்தது, அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. கல்யாணம் நின்றது. அவளுடைய அப்பா ராஜமாணிக்கம் கிளினிக்குக்கு வந்தார். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, ஆயிரத்தில் ஒருவருக்கு அலர்ஜி வரும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரவால்லங்க டாக்டரம்மா. எங்க நேரம்" என்றார். அவர் மன்னித்த பிறகு வேறு யார் என்ன சொல்ல இருக்கிறது.

ஆர்த்தியின் முகத்தை நாள்வாரியாகப் படம் எடுத்து வைத்திருந்தேன். அடுத்த வகுப்பில் திரையில் போட்டேன். அவ்வளவு தெளிவான படங்கள் எங்கள் துறைப் புத்தகங்களில்கூட இல்லை என்று பலர் சொன்னார்கள். முருகவேல் அன்றைக்கு மாடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. சாதாரணமாகப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தால் நான் வகுப்பு வைப்பதில்லை. ஊரில் லாட்ஜ் கிடைக்காது, பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும். இந்த முறை டாக்டர்களே கேட்டுக்கொண்டார்கள், வகுப்பு முடித்துக் கையோடு கிரிவலமும் போய்விடலாம் என்று. மதியத்துக்கு மாடலாக ஆர்த்தியின் தங்கை அபிநயாவை வரச் சொல்லியிருந்தேன். கல்லூரியில் படிக்கிற பெண், கன்னமெல்லாம் பருத் தழும்பு. அக்காவுக்கு நடந்ததற்கு ஈடாகத் தங்கைக்கு முழுச் சிகிச்சையும் இலவசம் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். நீங்கள் என்னை அப்படிப் பார்க்க வேண்டாம்.

மதியம் எல்லோரும் வீட்டுக்குப் பின்னால் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் மாடியில் தட்டில் ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். முருகவேல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார்.

"அபிநயாவ ஆட்டோ ஏத்தி அனுப்பிட்டேன்" என்றார்.

"யாரக் கேட்டு?"

"அவளக் கேட்டு. நீ கேக்கற மாதிரி இல்ல. அவளுக்குப் புரியற மாதிரி கேட்டேன்."

கீழே அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், மாடல் இல்லாமல் என்ன காட்டுவது என்று கேட்டேன்.

"உன் கை ஒரு நாளும் தவறல மணி. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். தவறுற கை அதே எடத்துல தவறாது. அந்தப் பொண்ணு ஆர்த்தி மூணு வாட்டி வேணாம்னு சொல்லிச்சு. என் சட்டையப் புடிச்சிக்கினு சொல்லிச்சு."

"வேணாம்னு சொல்லவே இல்ல. பரவால்லன்னுதான் சொல்லிச்சு."

"பரவால்லன்னா என்னடி அர்த்தம்? பந்தில இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமான்னு கேட்டா பரவால்லங்கன்றோமே, போடுன்னா சொல்றோம்? போதும்னு சொல்றோம். டாக்டரம்மா மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல அதுங்களுக்கு வாய் வராது. அதனால அப்படி சொல்லுதுங்க. நீயும் கீழ்பென்னாத்தூர்தான. உனக்குத் தெரியாதா இது?"

நான் எதையும் தாங்குவேன், இன்ஸ்பெக்டர். ஆனால் என் ஊர்ப் பேச்சுக்கு ஒரு போளூர்க்காரர் எனக்கே அர்த்தம் சொல்லித்தருகிறார். காது இரண்டும் சூடாகிவிட்டது. அவர் பேசிக்கொண்டே போனார். நாளைக்குக் காலையில் நானே போலீசில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமாம், இல்லையென்றால் அவர் சொல்லுவாராம். "கிளாஸ் இத்தோட முடிஞ்சிச்சு மணி" என்றார். ஏதோ கடையைப் பூட்டுகிற மாதிரி சொன்னார்.

நான் மறுபடி ஊசிகளை அடுக்க ஆரம்பித்ததைப் பார்த்து அவருக்கு என்ன தோன்றியதோ, சிரித்தார். எப்போதும் இப்படித்தான், சண்டை போட்டால் கடைசியில் ஏதாவது கூத்தடித்துச் சமாதானம் செய்வார். "சரி வா. செஞ்சு காட்டினாத்தான் மண்டையில ஏறும்னு நீதான சொல்லுவ. நான் செஞ்சு காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மாடல் நாற்காலியில் சாய்ந்தார். செருப்பைக்கூடக் கழற்றிவிட்டார். "இப்ப நான்தான் ஆர்த்தி. கேளு."

என் கால் பெடலை மிதித்தது. நான் மிதிக்கவில்லை, கால் மிதித்தது. அதனால்தான் இன்றைக்கு உங்களிடம் பதிவு இருக்கிறது. கீழே காலி ஹாலில் அவ்வளவு பெரிய திரையில் எல்லாம் ஓடியிருக்கிறது, எல்லோரும் பிரியாணிப் பந்தலில் இருந்தார்கள். நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். சத்தம் தெளிவாகக் கேட்கிறதா? நான் கேட்டது கேட்கிறதா? அதுதான் முக்கியம்.

"ஊசி போடட்டுமா?" என்று கேட்டேன்.

"பரவால்ல மணி."

"இந்தப் பக்கமும்?"

"பரவால்ல." ஆர்த்தி பிடித்த மாதிரியே என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு. "இப்பப் புரியுதா?"

புரியுது என்று சொன்னேன்.

அவருடைய சிலிண்டர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டு கையாலும் எடுக்க வேண்டியிருந்தது. நெற்றிப்பொட்டில் வைக்கத்தான் நினைத்தேன், தலையைத் திருப்பிவிட்டார், அடி கன்னத்தில் விழுந்தது. கன்ன எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. காய்ந்த கடலை ஓடு காலில் மிதிபடுகிற சத்தம்தான். இரண்டாவது அடி சரியான இடத்தில் விழுந்தது. ஒரு கண் தன் குழியை விட்டு நகர்ந்தது. மூன்றாவது தேவையே இல்லை, தொழில் தெரிந்தவள் சொல்கிறேன். இருந்தாலும் அடித்தேன். அதற்கப்புறமும் அடித்தேன். மூக்குத் தண்டு உள்ளே போனது, பல் உடைந்து தட்டில் என் ஊசிகளுக்கு நடுவில் விழுந்தது. அவர் கை மட்டும் என் கோட்டை விடவே இல்லை, விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

நடுவில் அவர் ஏதோ சொன்னார். வாய் நிறைய ரத்தம். 'வே' என்று ஆரம்பித்த மாதிரி இருந்தது. சொல் முடியவில்லை. முடியாத ஒரு சொல்லை நான் எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அதற்கு முன்னால் அவர் முழுசாகச் சொன்ன சொல் இருக்கிறதே.

பிறகு பெடலை மிதித்துக் கேமராவை நிறுத்தினேன். மாடல்களுக்குப் போர்த்துகிற பச்சைத் துணியை அவருக்குக் கழுத்துவரை போர்த்திவிட்டேன். கையையும் முகத்தையும் கழுவினேன். வேறு கோட்டு மாற்றிக்கொண்டு, அறையைப் பூட்டாமல் கீழே இறங்கினேன். பூட்டினால் சந்தேகம் வரும் என்றெல்லாம் யோசிக்கவில்லை, அந்த அறையைப் பூட்டுகிற பழக்கம் இல்லை. பந்தலில் ஒரு டீ குடித்தேன். வகுப்பு ஆரம்பிக்க நேரமாகிவிட்டிருந்தது.

மாடல் எங்கே மேடம் என்று ஒருவர் கேட்டார். வரவில்லை, இன்றைக்கு வாய்ப்பாடம்தான் என்றேன். ரத்தம் போகாத ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு முக்கியம் என்று ஆரம்பித்து, சாயங்காலம்வரை எடுத்தேன். நன்றாகவே எடுத்தேன், ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ஆனால் மாடல் இல்லை என்றதும் அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. கிரிவலத்துக்கு நேரமாகிறதென்று வாட்சைப் பார்த்தார்கள். பாதிப் பேர் தூங்கினார்கள். அன்றைக்கு என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

அவரைக் கண்டுபிடித்தது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஒரு மனிதரைக் காணோம் என்று யாரும் தேடவில்லை. சான்றிதழில் கையெழுத்தைக் காணோம் என்று தேடினார்கள். பாயின்ட் இல்லாமல் எப்படிப் போவது என்று வேலூர் டாக்டர் சுப்பிரமணி பேனாவும் கையுமாக மாடி ஏறினார். அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினார்கள். ஆர்த்திக்கு நின்ற மாதிரியே நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். அத்தனை டாக்டர்களில் ஒருவருக்குக்கூட என்ன செய்வதென்று தெரியவில்லை. முட்டிவலிக்காரர் மட்டும்தான் குனிந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "இப்பத்தான்யா நின்னுருக்குது. ஒடம்பு சூடா இருக்குது" என்றார்.

அது உண்மைதான். இதுவரை நான் சொல்லாமல் விட்டது இது ஒன்றுதான். நான் துணியைப் போர்த்தியபோது அவருக்கு மூச்சு இருந்தது. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன், நாடியும் இருந்தது. வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டே மேலே ஏதாவது சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன். டீ இடைவேளையில் ஒரு தரம் ஏறிப்போய்ப் பார்த்தேன். அப்போதும் இருந்தது. துணியைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு இறங்கிவிட்டேன். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் கூட்டம் மலையைச் சுற்றித்தான், எங்கள் ரோடு காலியாகத்தான் கிடந்தது. அதோடு ஹால் நிறைய டாக்டர்கள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். ஆனால் வகுப்பு நின்றிருக்கும்.

அவ்வளவுதான். ஆர்த்திக்குச் செய்ததும் நான்தான், அதற்கு முன்னால் மற்றப் பெண்களுக்குச் செய்ததும் நான்தான், முருகவேலை அடித்ததும், அவர் சாகிறவரை கீழே பாடம் எடுத்ததும் நான்தான். கேட்காமல் யாரையும் தொடவில்லை என்பதை மட்டும் சேர்த்து அடித்துவிட்டு எடுத்து வாருங்கள், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரை சும்மாதானே உட்கார்ந்திருக்கப்போகிறோம். பேச ஆரம்பித்ததிலிருந்து உங்கள் கை அந்த மருவிலேயே இருக்கிறது, நோண்டி நோண்டி ரத்தம் வந்துவிட்டது பாருங்கள். என் கைப்பையை வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறீர்கள். மரத்துப்போகிற களிம்பும் சின்னக் கத்தியும் அதில்தான் இருக்கின்றன. நானே எடுத்துவிடட்டுமா?

பரவால்லங்க டாக்டர் என்கிறீர்கள்.

அப்படியானால் சரி. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, தலையை இந்தப் பக்கம் சாய்த்து உட்காருங்கள்.